பகடிப் படப் பெயர்களும் படமாளிகை வாயிலும்

நூல் ஒன்றுக்குப் பெயர் எவ்வெவ் வழிகளால் வந்து பொருந்தும் என்பதை நன்னூலார் தம் பாயிரத்திலே தொகுத்துக் கூறினார். முதனூலாற் பெயர் பெறுவதும், செய்தோனாற் பெயர் பெறுவதும், செய்வித்தோனாற் பெயர் பெறுவதும், அளவாலும் பொருளாலும் பெயர் பெறுவதும், இடுகுறியாய் அமைவதும் என அவ்வழிகள் பலவாகும். பிறிதொரு நூலின் பெயரைத் தலைகீழாகப் புரட்டி, அப்புரட்டினாலேயே நகை விளைவிக்கும் வழி அத்தொகையில் இல்லை. எனினும் அது முதனூலாற் பெயர் பெறும் வழியின் குறும்புக்காரத் தம்பி என்று கொள்ளுதல் பொருந்தும். பொய்யே பேசாத அரிச்சந்திரனின் கதையைப் புரட்டி, மெய்யே பேசாத அரசன் ஒருவனைப் படைத்து, அவன் பெயரையும் புரட்டிச் ‘சந்திரஹரி’ எனத் தம் நாடகத்துக்குப் பெயரிட்டார் பம்மல் சம்பந்த முதலியார். 1941ஆம் ஆண்டில் அது திரைப்படமாகவும் வந்தது, என். எஸ். கிருஷ்ணன் அதில் நடித்தார். அப்பெயரைக் கேட்டவுடனே அரிச்சந்திரன் நினைவுக்கு வருகிறான். வந்த அக்கணமே, இது அவன் கதையன்று என்பதும் விளங்கிவிடுகிறது. இவ்விரு தொழிலையும் ஒருங்கே செய்வதுதான் பகடிப் பெயரின் இலக்கணம். முதற் பெயர் கேட்பவன் செவியில் ஒலிக்காவிடில் நகை பிறவாது. வேறுபாடு தோன்றாவிடில் அது நகையன்று, ஏமாற்று.

நாடகத்துக்கும் நூலுக்கும் பெரிதும் இடர் விளைக்காத இவ்விலக்கணம், திரைப்பட உலகில், சிறப்பாக அமெரிக்க ஐக்கிய நாட்டில், பல வழக்குகளுக்கு வித்தாயிற்று. அதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. படத்தின் பெயர் படத்தோடு சேர்ந்திருப்பது திரையிலே சில வினாடிகள்தாம். மற்றைப் பொழுதெல்லாம் அது தனித்தே திரிகிறது: சுவரொட்டியிலும் பத்திரிகை விளம்பரத்திலும் நுழைவுச் சீட்டிலும், எல்லாவற்றுக்கும் மேலாகப் படமாளிகையின் முகப்பிலும். மண்டபத்தின் உள்ளே பகடிக்காரனுக்கு ஒன்றரை மணி நேரம் உண்டு. தான் யாரை நகைக்கிறான், ஏன் நகைக்கிறான் என்பதை ஆறுதலாக விளக்கலாம். வாயிலில் அவனுக்குக் கிடைப்பன இரண்டு மூன்று சொற்களே. அச்சொற்களைக் கண்டுதான் வழிப்போக்கன் சட்டைப்பைக்குள் கையை விடுகிறான். ஆகவே பகடிப் பெயர்பற்றிய வழக்கு, கலையைப் பற்றிய வழக்குப்போலத் தோன்றினும், உண்மையில் அந்த வாயிலில் நிற்பவனைப் பற்றிய வழக்காகும்.

அந்நாட்டுச் சட்டத்திலே வெறும் பெயருக்குப் பதிப்புரிமை இல்லை. தனிப்படம் ஒன்றின் பெயரை வியாபாரக் குறியாகப் பதிவு செய்வித்தலும் இயலாது. தொடராக வரும் படங்களின் பெயராயின் இயலும். ஆயினும் பதிவு பெறாத பெயரும், மக்கள் மனத்தில் ஒரு படத்தையே சுட்டுமளவுக்கு ஊன்றிவிடுமாயின், வேறொருவர் அதனை எடுத்துக்கொண்டு வாங்குவோரை மயக்குதலை 1946ஆம் ஆண்டின் லான்ஹாம் சட்டம் தடுக்கிறது. எனவே பதிப்புரிமை வழக்கில் எழும் ‘எவ்வளவு எடுத்தாய்?’ என்ற கேள்வி இங்கே எழுவதில்லை. இங்கே எழுவது ‘காண்பவன் மயங்குவானா?’ என்பதே.

இத்துறையில் வழிகாட்டியாய் நின்ற வழக்கு, நகைச்சுவை நடிகர் எவரையும் பற்றியதன்று. இத்தாலிய நெறியாளர் பெடரிக்கோ பெலினி 1986ஆம் ஆண்டில் ‘ஜிஞ்சரும் பிரெட்டும்’ என்னும் படத்தை வெளியிட்டார். ஜிஞ்சர் றொஜேர்ஸ், பிரெட் அஸ்ரெயர் என்னும் இருவரும் 1933 முதல் 1949 வரை பத்துப் படங்களில் இணைந்து ஆடி உலகப் புகழ் பெற்றவர்கள். பெலினியின் படமோ அவர்களது வரலாறன்று. இளமையில் அவ்விருவரையும் போல ஆடி இத்தாலிய மேடைகளிற் பிழைத்த இருவர், முதுமையில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக மீண்டும் ஒன்றுகூடும் கதை அது. அந்நிகழ்ச்சிக்கு அவர்களைப் போலவே பற்பல போலிகளும் அழைக்கப்பட்டிருக்கின்றனர். புகழ் பெற்ற நடிகரின் சாயலுள்ளவர், எழுத்தாளரின் சாயலுள்ளவர் என ஓர் ஊர்வலமே வருகிறது. ஆட்டத்தின் நடுவே மின்சாரம் நின்று மண்டபம் இருண்டுபோக, அவ்விருளில் முதியோர் இருவரும் மேடையிலே இருந்து தாழ்குரலிற் பேசிக்கொள்ளும் கட்டம், பெலினியின் பிற்காலப் படங்களில் நான் பெரிதும் மதிக்கும் கட்டங்களுள் ஒன்று. விளம்பரங்களின் கூச்சலுக்கு நடுவே பழைய ஆட்டத்தின் நளினம் எத்துணை அந்நியமாய்ப் போயிற்று என்பதைச் சொல்ல, அப்பெயரைத் தவிர வேறு பெயர் அப்படத்துக்கு அமையாது. ஜிஞ்சரும் அல்லாத, பிரெட்டும் அல்லாத இருவருக்கு அப்பெயர் இருப்பதுதான் கதையின் துயரம். கதையின் நகையும் அதுவே.

அப்பொழுது உயிரோடிருந்த ஜிஞ்சர் றொஜேர்ஸ் அம்மையார், தம் பெயரைக் காண்போர் தாம் இப்படத்தில் நடித்ததாகவோ இதற்கு இசைவு தந்ததாகவோ எண்ணுவர் என்று வழக்குத் தொடர்ந்தார். அதனை வீண் வழக்கு என்று தள்ளிவிட முடியாது. தம் உழைப்பால் ஒளி பெற்ற பெயரைப் பிறர் முகப்பிலே தொங்கவிடக் காணும் கலைஞர் உள்ளம் புண்படுதல் இயல்பே. பெயரை மட்டும் கண்டவர்களுட் சிலர் அவ்வாறே மயங்கினர் என்பதற்குக் கணக்கெடுப்பு ஒன்றும் மன்றில் வைக்கப்பட்டது. எனினும் 1989ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு மன்று அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. நீதியரசர் ஜோன் நியூமன் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: பட்டாணி அடைத்த பேணியை வாங்குபவனைப் போலவே நூலை வாங்குபவனுக்கும் ஏமாறாதிருக்கும் உரிமை உண்டு, ஆயின் நூலின் பெயர் பேணியின் மேல் ஒட்டிய தாள் மட்டும் அன்று, அது படைப்பின் ஓர் உறுப்புமாகும். ஆகவே அப்பெயருக்குப் படைப்போடு கலைத்தொடர்பு சிறிதும் இல்லையாயின், அல்லது தொடர்பு இருந்தும் அது வெளிப்படையாகவே பொய் சொல்லி மயக்குமாயின், அப்பொழுதுதான் சட்டம் தலையிடும். சிலர் மயங்குதல் மட்டும் போதாது.

இத்தீர்ப்பு திறனாய்வாளர்க்கு உவப்பானது. பெயரை விலங்கு போலப் படைப்பின்மீது பூட்டாமல், படைப்பினுள் நின்று பெயரை நோக்குகிறது. ஆனால் அதிலே ஓர் அடிக்குறிப்பு உண்டு. பின்னர் வந்த பூசல்களுக்கு அது முக்கியமானது. ஒரு படத்தின் பெயர் இன்னொரு படத்தின் பெயரோடு மயங்கும் இடத்தில் இவ்விதி அப்படியே செல்லாது என்பது அக்குறிப்பு. பெலினியின் பெயர் ஒரு மனிதரைச் சுட்டிற்று. படம் படத்தைச் சுட்டும் பகடிக்கு அத்தீர்ப்பு முழுக் குடையாகுமா என்ற ஐயம் அன்றே தோன்றிவிட்டது.

அவ்வையத்தைச் சோதித்தவை பகடிகளல்ல, பகடியின் முகமூடியை அணிந்த வேறு சில படங்கள். தி அசைலம் என்னும் அமெரிக்கக் கம்பனி, பெருஞ்செலவில் வரும் படம் ஒன்றுக்குச் சற்று முன்பின்னாக அதன் பெயரையொத்த பெயருடைய மலிவான படத்தை வெளியிடுவதையே தொழிலாக வளர்த்துக்கொண்டது. 2006இல் விமானத்திற் பாம்புகள் வந்தபோது அக்கம்பனியின் பாம்புகள் புகையிரதத்தில் வந்தன. 2007இல் ‘டிரான்ஸ்போர்மர்ஸ்’ வந்தது. அதனோடு ‘டிரான்ஸ்மோர்பர்ஸ்’ என்பதும் வந்தது. கேட்பவர்க்குச் சிரிப்பு வருகிறது, உண்மைதான். ஆனால் சிரிப்பு பெயரோடு முடிந்துவிடுகிறது. படத்தினுள்ளே புகுந்து பார்த்தால் அங்கு மூலத்தைக் குறித்த எள்ளல் எதுவும் இல்லை. மூலத்தின் பலவீனத்தைச் சுட்டும் கண்ணும் இல்லை. வேறொரு கதை வாட்டத்தோடு நடைபெறுகிறது.

2012ஆம் ஆண்டு இக்கம்பனிக்குச் சோதனைக் காலமாயிற்று. ‘பற்றில்ஷிப்’ என்ற படத்துக்கு அருகே ‘அமெரிக்கன் பற்றில்ஷிப்’ என்று ஒன்றை வெளியிட முயன்று, யூனிவேர்சல் கம்பனி வழக்கிட, அதனை ‘அமெரிக்கன் வோர்ஷிப்ஸ்’ என மாற்றிற்று. அவ்வாண்டு டிசம்பர் 14ஆந் தேதி, ரொல்கீன் 1937இல் எழுதிய ‘தி ஹொபிட்’ என்னும் நூலைத் தழுவிய முதற்படம் வெளிவர இருந்தது. அதற்கு மூன்று நாள் முன்னதாக, ‘ஹொபிட்டுகளின் காலம்’ என்னும் பொருள்படும் பெயரோடு தி அசைலத்தின் படம் ஒளித்தட்டாகக் கடைகளுக்கு வரவிருந்தது. வோணர் சகோதரர் கம்பனியும் அதன் கூட்டாளிகளும் லொஸ் ஏஞ்சலீசிலுள்ள மாவட்ட மன்றை நாட, டிசம்பர் 10ஆந் தேதி இடைக்காலத் தடையுத்தரவு பிறந்தது. மேன்முறையீட்டிலும் தடை நிலைத்தது. படம் பின்னர் வேறு பெயர் பூண்டு வந்தது.

இவ்வழக்கிலே கம்பனி தன் சார்பிற் கூறிய நியாயம் ஆராயத்தக்கது. இந்தோனேசியாவின் புளோரெஸ் தீவில் 2003ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட குறள்வடிவ ஆதிமனித எலும்புகளுக்கு ஆய்வாளர்கள் ‘ஹொபிட்’ என்றே செல்லப்பெயர் வைத்திருந்தனர். தம் படம் அச்சிறு மக்களைப் பற்றியதேயன்றி ரொல்கீனின் கற்பனை மாந்தரைப் பற்றியதன்று என்றது கம்பனி. ஆதிமனிதர்மீது அக்கம்பனிக்கு இத்துணை ஆய்வார்வம் இருந்தது மகிழ்ச்சிக்குரியதே. அப்படத்தில் அவர்களை அடிமைப்படுத்துவோர் பறவைநாகம் போன்ற விலங்கேறி வந்து மனித ஊன் உண்பவர்கள் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டும். ஆனால் நகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், அந்த நியாயம் பகடியின் நியாயத்துக்கு நேர் எதிரானது. பகடிக்காரன் தன் மூலத்தை மறுப்பதில்லை. ‘ஆம், அதைத்தான் சொல்கிறேன்’ என்பதே அவன் முதல் வாக்குமூலம். சந்திரஹரி அரிச்சந்திரனைச் சுட்டவில்லை என்று சம்பந்த முதலியார் சொல்லியிருப்பின், அந்நாடகத்தில் எஞ்சுவது ஒரு பொய்யனின் கதையே. ‘எமக்கும் அம்மூலத்துக்கும் தொடர்பில்லை’ என்று வாதிடுபவன், பகடி என்னும் அடைக்கலத்தைத் தானே இழந்துவிடுகிறான். மன்று தடை விதித்ததை நான் குறைகூறேன். வீட்டிலுள்ள சிறுவன் கேட்டான் என்று அவசரமாகக் கடைக்குப் போகும் பெற்றோரின் கண்ணை நம்பி வைக்கப்பட்ட பெயர் அது.

ஆகச் சட்டத்தின் அளவுகோலும் திறனாய்வின் அளவுகோலும் இவ்விடத்தில் ஒன்றாகவே முடிகின்றன. மூலத்தை ஒப்புக்கொண்டு நகைப்பது பகடி. மூலத்தை ஒளித்து அதன் நிழலில் விற்பது போலி. 2023ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச மன்று, புகழ் பெற்ற மதுப்போத்தல் ஒன்றின் வடிவத்தைக் கேலி செய்த நாய் விளையாட்டுப்பொருளைக் குறித்த வழக்கில், பிறர் குறியைத் தன் சரக்குக்கே குறியாக இடுபவனுக்கு ஜிஞ்சர் றொஜேர்ஸ் வழக்கின் விதி காவலாகாது என்று ஒருமனதாகத் தீர்த்தது. நீதியரசர் எலெனா கேகன் எழுதிய அத்தீர்ப்பு, பழைய விதியை ஒழிக்கவில்லை, எல்லையைச் சுருக்கிற்று. நகைக்கும் நோக்கம் மயக்கம் குறைவதற்கு ஓர் ஏதுவாகலாம் என்பதையும் ஒப்புக்கொண்டது. ஒரு படத்தின் பெயர் எப்பொழுது பெயராக நிற்கிறது, எப்பொழுது சரக்குக் குறியாக மாறுகிறது என்பது, தொடர்ப்படங்கள் மலிந்த இக்காலத்தில், இனி வரும் வழக்குகளிலே அறுத்தெடுக்கப்பட வேண்டியதாகும்.

இதுவரை கூறியவற்றைக் கேட்பவர், ‘நன்று, போலி தடுக்கப்பட்டது, பகடி காக்கப்பட்டது, இனி என்ன குறை?’ என்று வினவலாம். குறை இருப்பது மன்றிலன்று, படமாளிகையில். போலிப்படங்கள் பெரும்பாலும் படமாளிகைக்கு வருவனவல்ல. அவற்றின் இடம் ஒளித்தட்டுக் கடையும் தொலைக்காட்சியும் இணைய வழியுமே. ஹொபிட் வழக்கிலே தடுக்கப்பட்ட சரக்கும் கடையிற் செல்வதற்கே கட்டப்பட்டிருந்தது. படமாளிகை முகப்பைத் தேடி வருவது உண்மையான பகடியே. ஏனெனில் நகை கூட்டத்தை வேண்டுவது. தனியறையிற் சிரிப்பவனுக்கும் நூறு பேரோடு சிரிப்பவனுக்கும் ஒரே படம் இரு படமாகும். ஆகவே போலிகளை நோக்கிக் கூராக்கப்பட்ட வாள், அவை நடமாடாத இடத்திலே, வேறொருவர் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அது வேலை செய்யும் முறையைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். படம் ஒன்று படமாளிகையில் வாழும் காலம் சில கிழமைகள்; வருவாயின் பெரும்பங்கு முதற் சில நாள்களுக்குள் வந்துவிடும். சுவரொட்டி அச்சாகி, முன்னோட்டம் பல நாள் காட்டப்பட்டு, காட்சிநேரம் குறிக்கப்பட்ட பின்னர் ஒரு தடையுத்தரவு வந்தால், வழக்கிலே பின்னர் வெற்றி கிடைத்தும் பயனில்லை. இதனை அறிந்தே விநியோகத்தர் படத்தை ஏற்குமுன் தயாரிப்பாளரிடம் காப்புறுதி கேட்கிறார். பிழைகளுக்கும் விடுபாடுகளுக்குமான காப்புறுதி என்பது அதன் பெயர். காப்புறுதிக் கம்பனியோ, அப்பெயரை முன்பு யார் யார் வைத்திருந்தனர் என்ற தேடல் அறிக்கையையும் வழக்கறிஞர் கருத்தையும் கேட்கிறது. தேடல் அறிக்கையிலே மூலப்படத்தின் பெயர் முதல் வரியாக வந்து நிற்பது பகடிக்கு மட்டுமே உரிய விதி. மற்றையோர்க்கு அது தற்செயல். பகடிக்காரனுக்கு அதுவே நோக்கம். நீதியரசர் எவரும் பார்ப்பதற்கு முன்னரே, காப்புறுதி எழுதுவோன் மேசையிலே, அப்பெயர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது.

இதற்கு மேலும் ஒரு வேலி உண்டு; அது சட்டமும் அன்று. அமெரிக்கப் படக்கம்பனிகளின் சங்கம் 1925ஆம் ஆண்டு முதல் பெயர்ப்பதிவகம் ஒன்றை நடத்தி வருகிறது. அதிற் சேர்ந்தோர் தம்முள் ஒப்பந்தத்தாற் கட்டுண்டவர்கள். வெள்ளை மாளிகையிற் பணியாற்றிய பரிசாரகர் ஒருவரைப் பற்றிய படத்துக்கு 2013இல் ‘தி பட்லர்’ என்று பெயரிட்டபோது, வோணர் கம்பனி மறுத்தது. காரணம், அதே பெயரில் 1916ஆம் ஆண்டின் மௌனக் குறும்படம் ஒன்று அதன் கணக்கில் இருந்தமையே. அக்குறும்படத்தைக் கண்டு மயங்குவார் எவரும் உலகில் இரார். எனினும் நடுவர்கள் வோணருக்கே சார்பாகத் தீர்த்து, விநியோகக் கம்பனிக்கு 4 இலட்சம் டொலர் தண்டமும் விதித்தனர். வெளியீட்டு நாளான ஓகஸ்ட் 16 நெருங்கிக்கொண்டிருக்க, பெயர் ‘லீ டானியல்ஸின் தி பட்லர்’ ஆயிற்று. நெறியாளர் பெயர் மற்றதன் எழுத்தளவில் நூற்றுக்கு 75 பங்கேனும் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. நன்னூலார் மொழியிற் கூறின், பொருளாற் பெயர் பெற்றது கருத்தனாற் பெயர் பெற்றதாக மாறிற்று. அது பகடிப்படம் அன்று. ஆனால் மயக்கம் என்ற கேள்வியே எழாமல் ஒரு பெயரைத் தடுக்கக் கூடும் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பகடிக்கு அத்தகைய சபையில் என்ன மதிப்புக் கிடைக்கும் என்பதைக் கூற வேண்டியதில்லை.

பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வேலிகள் திறந்தே இருக்கும் என்பதையும் கூறாமல் விடலாகாது. 1996இல் வெளிவந்த ‘ஸ்கிரீம்’ என்னும் அச்சப்படத்தின் எழுத்துப்படிக்கு முதலில் இட்ட பெயர் ‘ஸ்கேரி மூவி’. அப்படத்தையே கேலி செய்து 2000ஆம் ஆண்டில் வந்த பகடி, கைவிடப்பட்ட அப்பெயரை எடுத்துத் தன் தலையிற் சூடிக்கொண்டது. மூலத்தின் பெயரையே பறித்துக்கொண்ட பகடி வேறு உளதோ அறியேன். வழக்கு எதுவும் எழவில்லை. இரண்டையும் வெளியிட்டது ஒரே கம்பனி. ‘நட்சத்திரப் போர்கள்’ படத்தைக் கேலி செய்து மெல் புரூக்ஸ் 1987இல் ‘ஸ்பேஸ்பால்ஸ்’ எடுத்தபோது, ஜோர்ஜ் லூக்காஸ் இசைவு தந்தார் என்றும், விளையாட்டுப் பொருள்கள் செய்து விற்கலாகாது என்பதே அவர் நிபந்தனை என்றும் புரூக்ஸ் பின்னாளிற் கூறினார். எள்ளலை அஞ்சவில்லை, கடைத்தட்டையே அஞ்சினார். வியாபாரக் குறி என்பதன் இயல்பை இதனினும் சுருக்கமாக விளக்க இயலாது.

சிறிய வீட்டாருக்கு 1946இல் மார்க்ஸ் சகோதரர்கள் காட்டிய வழி ஒன்று உண்டு. ‘கஸபிளாங்காவில் ஓர் இரவு’ என்று அவர்கள் படம் எடுக்கத் தொடங்கியபோது, 1942இல் ‘கஸபிளாங்கா’வை வெளியிட்ட வோணர் கம்பனி விளக்கம் கேட்டு எழுதிற்று. குரூச்சோ மார்க்ஸ் விடையாக எழுதிய கடிதங்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. மொறொக்கோ நாட்டு நகரமொன்றின் பெயர் உங்களுடையதாயின், ‘சகோதரர்’ என்ற சொல் உங்களுக்கு முன்பே எங்களுடையது என்ற போக்கில் அவை செல்கின்றன. கதையைச் சொல்லுங்கள் என்று மீண்டும் கேட்டபோது, கேட்டவர் தலை சுற்றும்படியான கதைகளைப் புனைந்து அனுப்பினார். வழக்கு வரவில்லை. அந்தக் கடிதப்போர் படத்துக்கு விளம்பரமாகவும் உதவிற்று. குரூச்சோ அதனை அறியாதவரல்லர். ஆயின் எல்லாப் பகடிக்காரரும் குரூச்சோ அல்லர். எழுதிக் கேட்டவுடன் சிரித்து விடையிறுக்கும் துணிவு, ஏற்கெனவே புகழ் பெற்றவர்க்கே வருவது.

புகழ் இல்லாதவர்க்கு நேர்வதைக் காண 2022ஆம் ஆண்டு ரொறன்ரோ திரைப்பட விழாவுக்கு வர வேண்டும். வேரா டுரூ என்பவர் தாமே நெறிப்படுத்தித் தலைமைப் பாத்திரமும் ஏற்ற ‘மக்களின் ஜோக்கர்’ என்னும் படம், செப்ரெம்பர் மாதத்தில் அவ்விழாவிலே நள்ளிரவுக் காட்சியாக முதன்முறை காட்டப்பட்டது. பற்மன் கதைகளின் உலகத்தை எடுத்து, அதிலே நகைச்சுவை அரசின் அனுமதி பெற்றுத்தான் நடத்தப்படலாம் என்று வைத்து, ஆணாக வளர்க்கப்பட்டுத் தன்னைப் பெண்ணாக உணர்ந்த ஒருவர் தம் வாழ்க்கையையே ‘ஜோக்கர்’ என்னும் வேடத்தினுள் வைத்துச் சொல்லும் கதை அது. கைச்செலவிலும் பல கலைஞரின் நட்பிலும் ஆக்கப்பட்டது. கேலிச்சித்திரமும் பொம்மை மாடங்களும் நடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. சமனான படம் என்று கூற மாட்டேன். சில இடங்களில் நகை தன்னையே துரத்திக் களைக்கிறது. ஆனால் தாயோடு பேசும் பகுதிகளில், அந்தப் பெருங்கம்பனியின் பாத்திரங்கள் அக்கம்பனியின் படங்களில் ஒருபோதும் சொல்லாத ஒன்றைச் சொல்லுகின்றன. பிறர் தந்த வேடமன்றி வேறு வேடம் கிடைக்காதவர், அவ்வேடத்தைத் தம் மெய்முகமாக்கிக் கொள்வதே அதன் பொருள். பெயரை மாற்றிக்கொண்டால் என்ன என்பார் உளர். மாற்றினால் அப்படத்தில் ‘மக்களின்’ என்ற சொல்லுக்கு வேலையில்லை. ஒரு கம்பனியின் உடைமையாய் இருப்பதை மக்களுடையது என்று உரிமை கொண்டாடுவதே அதன் எள்ளல். அந்த எள்ளல் முழுதும் பெயரிலே நிற்கிறது.

அவ்விழாவில் ஒரு காட்சியோடு படம் நின்றது. உரிமைப் பிரச்சினை காரணமாக எஞ்சிய காட்சிகளிலிருந்து அது விலக்கிக்கொள்ளப்பட்டது. பாத்திரங்களுக்கு உரிமையுடைய பெருங்கம்பனியிடமிருந்து காட்சிக்குச் சற்று முன் கடிதம் வந்ததாக நெறியாளர் பின்னர் கூறினார். அக்கடிதத்திலே பதிப்புரிமையும் வியாபாரக் குறியும் எந்த அளவிற் கலந்திருந்தன என்பது படமாளிகை நடத்துவோனுக்கு ஒரு பொருட்டன்று. அவனுக்கு வேண்டியது ஒரே விடை: நாளைக்குக் காட்டலாமா, ஆகாதா? காட்டினால் வரும் நட்டத்துக்கு யார் பொறுப்பு? பெருங்கம்பனியின் படத்தோடு கம்பனியின் உறுதிமொழியும் வருகிறது. தனியொருவர் எடுத்த படத்தோடு வருவது அவர் கையெழுத்து மட்டுமே. அதுவுமன்றி, அடுத்த மாதம் மண்டபத்தை நிரப்பப் போவது அப்பெருங்கம்பனியின் படமாயின், ஐம்பது பேர் வரும் நள்ளிரவுக் காட்சிக்காக அதனோடு பகைத்துக்கொள்ளத் துணிபவர் சிலரே. இதனைக் கோழைமை என்று நான் சொல்லேன். வாடகையும் சம்பளமும் கொடுக்க வேண்டியவனின் கணக்கு அது. ஆனால் அக்கணக்கின் முடிவு ஒரு தணிக்கையின் முடிவையே ஒத்திருக்கிறது. தணிக்கைச் சபைக்கேனும் காரணம் எழுத வேண்டிய கடமை உண்டு; கடிதத்துக்கு அது இல்லை.

ஹொபிட் வழக்கையும் இதனையும் அருகருகே வைத்து நோக்குக. அங்கே பகடியல்லாத ஒன்று, தன்னைப் பகடியென்றும் சொல்லாமல், மன்றில் தன் சார்பைக் கூற வாய்ப்புப் பெற்றது. சான்று கேட்கப்பட்டது, காரணங் காட்டித் தீர்ப்பும் எழுதப்பட்டது. இங்கே பகடியென்று தலைப்பிலேயே கூவி நின்ற ஒன்றுக்கு மன்றமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஜிஞ்சர் றொஜேர்ஸ் வழக்கின் விதி அதற்குக் குடையாகியிருக்குமா, 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு அக்குடையைப் பறித்திருக்குமா என்பன எவரும் கேட்காத கேள்விகளாயின.

2024ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே சிறு விநியோகக் கம்பனி ஒன்று அப்படத்தை ஏற்று, நியூ யோர்க் நகரில் ஐ. எப். சி. சென்ரர் என்னும் படமாளிகையிலும், பின்னர் ஏனைய நகரங்களின் சிறு மண்டபங்களிலும் காட்டிற்று. பெயர் மாறவில்லை. தொடக்கத்திலே, இது பகடியென்றும் உரிமையாளரின் இசைவு பெற்றதன்று என்றும் திரையில் எழுத்து ஓடுகிறது. அதுவும் உள்ளே வந்தமர்ந்தவனுக்கேயன்றி வாயிலில் நிற்பவனுக்கன்று. எந்த நீதிமன்றும் அதனைத் தடுக்கவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபரில் வோணர் கம்பனியின் இரண்டாவது ஜோக்கர் படம் பெருமண்டபங்களுக்கு வந்தது. ஒன்றின் சீட்டை மற்றதென்று எண்ணி வாங்கினர் என நிறுவுவதற்கு எவரும் மன்றுக்குச் செல்லவில்லை. 2022 செப்ரெம்பருக்கும் 2024 ஏப்பிரலுக்கும் இடையே கழிந்த ஏறத்தாழப் பத்தொன்பது மாதங்களில் அப்பெயரைத் தன் முகப்பில் எழுத விரும்பியும் எழுதாமல் விட்ட படமாளிகைகள் எத்தனை என்பது எந்த வழக்குத் தாளிலும் இடம்பெறப் போவதில்லை.